திட்டினாலும் தீனிதான்

கேள்வி: யூடியூபில் தீமிதி வீடியோ ஒன்றைத்தான் பார்த்தேன். இரண்டு வாரமாகப் பில்லி சூனியமும் பேயோட்டுதலுமாக வருகிறது. ஒவ்வொன்றிலும் திட்டிக் கமென்ட் போட்டேன், டிஸ்லைக்கும் அழுத்தினேன். நிற்கவில்லையே, ஏன்?
– வாசகி, செயின்ட் ஆந்த்ரே, ரீயூனியன் தீவு

பதில்: எப்படி நிற்கும்? திட்டுவதற்காகவே ஒவ்வொன்றையும் திறந்து, பார்த்து, நாலு வரி எழுதியும் இருக்கிறீர்கள். கிளிக்கைவிடப் பார்த்த நேரத்துக்கே மதிப்பு என்று யூடியூப் 2012இல் மாறியது. பிறகு வேறு அளவுகோல்களும் சேர்ந்தன. நேரம் கணக்கை விட்டுப் போகவில்லை. ஃபேஸ்புக் இதில் இன்னும் ஒரு படி மேல்: 2017இல் கோப முகத்துக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தது. அதைப் பூஜ்யமாக்க 2020 ஆயிற்று!

தீமிதிக்கும் சூனியத்துக்கும் என்ன உறவு? உங்களைப் போல அதைப் பார்த்தவர்கள் அடுத்து எதைத் தொட்டார்கள் என்று இயந்திரம் தேடுகிறது. தமிழ் வீடியோ பார்க்கும் பெருங்கூட்டம் தமிழ்நாட்டில்; ரீயூனியன்காரர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கூட்டத்தின் ருசிதான் பெரும்பாலும் உங்கள் தட்டிலும் விழும்.

டிஸ்லைக்கை நம்பாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பின்னாலுள்ள மோசில்லா அறக்கட்டளை 2022இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தது. வேண்டாத பரிந்துரைகளில் டிஸ்லைக் தடுத்தது 12 சதவீதம், ‘ஆர்வமில்லை’ 11, பார்த்த வரலாற்றிலிருந்து நீக்கினால் 29, ‘சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்’ என்றால் 43. சிறந்ததே பாதியைத் தொடவில்லை. எனவே கடைசி இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். முகப்பில் வீடியோவைத் திறக்காமலே, தலைப்பை ஒட்டிய மூன்று புள்ளியைத் தொட்டுச் சேனலைத் தள்ளுங்கள். பிறகு வரலாற்றுக்குப் போய், ஏற்கெனவே பார்த்த சூனியங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ரீயூனியன் இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் பிரான்சின் மாவட்டம். ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம் அங்கும் செல்லும். அதன் 38ஆம் பிரிவுப்படி, உங்கள் பழக்கத்தைக் கணிக்காத பரிந்துரை ஒன்றையாவது பெருந்தளங்கள் தந்தாக வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து நடைமுறை. டிக்டாக், இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். கடலுக்கு அக்கரையில் மொரீஷியஸ்காரர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. யூடியூபில் பார்த்த வரலாற்றையே அழித்து நிறுத்திவிட்டால் முகப்பு கிட்டத்தட்ட காலியாகிவிடும். அந்த வெறுமை பழக இரண்டு நாள் ஆகும்.

ஒரு சந்தேகம். வீட்டு டிவியும் உங்கள் கணக்கில்தான் ஓடுகிறதா? நீக்குமுன் வரலாற்றில் தேதியைப் பாருங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருந்த நாளிலும் பேயோட்டுதல் இருந்தால், விசாரணையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.