உகாண்டாவின் பருத்திக்கொட்டை: கேட்டவை, சொன்னவை

வட உகாண்டாவில் லீரா பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் 14 வருடம் உற்பத்தியைப் பார்த்துக்கொண்டவன் நான். உகாண்டா பருத்திக்கொட்டை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே நிபந்தனை: பேல் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) கணக்குச் சொல்பவர்கள் எந்த ஊர்ப் பேல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இந்தியப் பேல் 170 கிலோ, உகாண்டா பேல் 185 கிலோ, அமெரிக்கப் பேல் சுமார் 218 கிலோ.

கேள்வி: கடந்த ஐம்பது வருடத்தில் அங்கே கொட்டை ஆட்டும் தொழில் வளர்ந்ததா, தேய்ந்ததா?

கொட்டைக்காக யாரும் பருத்தி விதைப்பதில்லை. பஞ்சு விலை நன்றாக இருந்தால் பருத்தி போடுவார்கள், கொட்டை தானாக வரும். எண்ணெய்க்கு என்ன கிராக்கி இருந்தாலும் கொட்டை வரத்து அதிகமாகாது. இது புரிந்தால் பாதிக் கதை முடிந்தது.

ஜின்னிங்கில், அதாவது பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும்போது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பஞ்சு, மீதி பெரும்பாலும் கொட்டை. 1970 வாக்கில் உகாண்டா சுமார் 4.7 லட்சம் பேல் எடுத்தது. அதாவது 87,000 டன் பஞ்சு, கூடவே ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கொட்டை. 1987–88ல் அது ஏறக்குறைய 11,000 பேலுக்கு இறங்கியது. அதில் கிடைக்கும் கொட்டை 4,000 டன்னுக்குள். நாளைக்கு 50 டன் ஆட்டும் ஒரே ஓர் ஆலைக்கு 80 நாள் தீனி, அவ்வளவுதான். அதிலும் அடுத்த வருட விதைப்புக்கு எடுத்துவைத்தது போகத்தான் ஆலைக்கு.

1994ல் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு கொஞ்சம் எழுந்தது. 2004–05ல் இரண்டரை லட்சம் பேலைத் தொட்டது. ஆனால் நிலைக்கவில்லை, பஞ்சு விலை ஏறினால் ஏறும், விழுந்தால் விழும். அதற்குள் சமையல் எண்ணெய்ச் சந்தையே மாறிவிட்டது. இறக்குமதிப் பாமாயில், அப்புறம் விக்டோரியா ஏரியில் களங்காலா மாவட்டத் தீவில் போட்ட பாமாயில் தோட்டம், லீராவைச் சுற்றிச் சூரியகாந்தி. என் மதிப்பீடு: உகாண்டாவில் பருத்திக்கொட்டை எண்ணெய் இனி முதலிடத்துக்கு வராது.

கேள்வி: 100 கிலோ கொட்டையில் எவ்வளவு எண்ணெய் வரும்?

கொட்டையில் இருப்பது 16 முதல் 20 சதவீதம். எக்ஸ்பெல்லரில் (அழுத்திப் பிழியும் மெஷின்) முழுசாக வராது. புண்ணாக்கிலேயே கணிசமாகத் தங்கிவிடும். தோல் நீக்காமல் ஆட்டினால் தோல் வேறு எண்ணெயைக் குடிக்கும். எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து எடுக்கும் சால்வென்ட் ஆலை வைத்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுக்கலாம், ஆனால் அதற்கு வருடம் முழுக்கக் கொட்டை வேண்டும்.

கச்சா எண்ணெயைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு மாதிரி இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் செம்பழுப்பு. காஸ்டிக் சோடா விட்டுச் சூடாக்கிக் கிளறினால் கீழே அழுக்குச் சோப்பு மாதிரி படியும், மேலே மஞ்சளாகத் தெளியும். அந்தப் படிவு சோப்புக்குப் போகும். எண்ணெய் ஆலையும் சோப்பு ஆலையும் பக்கத்திலேயே இருப்பது அதனால்தான். எங்கள் ஃபோர்மேன் ஈரமானியை நம்பவே மாட்டார். கொட்டையைப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டிக்' என்று உடைந்தால்தான் மெஷினுக்கு.

கேள்வி: புண்ணாக்கைக் கோழிக்குப் போடலாமா?

வேண்டாம். கொட்டையில் காசிபோல் என்கிற நஞ்சு இருக்கிறது. வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும். கோழியும் பன்றியும் அந்த அளவு தாங்காது.

கேள்வி: 1972ல் இடி அமீன் இந்தியர்களைத் துரத்தியதால்தானே பருத்தி அழிந்தது? இதை ஏன் நேராகச் சொல்லவில்லை?

ஏனென்றால் அது பாதி உண்மை. 1949ல் உகாண்டாவில் நடந்த கலவரத்தின் கோரிக்கைகளில் ஒன்றே விவசாயிகள் தாங்களே ஜின்னிங் செய்ய உரிமை வேண்டும் என்பது. 1950களில் கூட்டுறவுச் சங்கங்கள் ஜின்னரிகளை வாங்கத் தொடங்கின. 1972 வந்தபோது ஜின்னிங்கில் பெரும்பங்கு புசோகா, லாங்கோ போன்ற வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்களின் கையில்தான். எண்ணெய், சோப்பு ஆலைகள்தான் பெரும்பாலும் இந்தியர்களிடம் இருந்தன. உதாரணம், ககீரா ஊரில் மத்வானி குடும்பம். அங்கேதான் அடி பலமாக விழுந்தது.

கேள்வி (அதே நண்பர்): அமீனைக் காப்பாற்றுகிறீர்கள். அங்கே பிழைத்தவர்களுக்குத் தெரியும் என்ன நடந்தது என்று.

யாரையும் காப்பாற்றவில்லை. 90 நாள் கெடு கொடுத்துக் குடும்பங்களை விரட்டியது அநியாயம். உதிரிபாகமும் லாரியும் வாங்கும் ஆளும் ஒரே சமயத்தில் காணாமல் போனது தொழிலுக்குப் பெரும் இடி. ஆனால் நீங்கள் விவசாயியை மறந்துவிட்டீர்கள். பருத்தி எடுத்து, மாலையில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சுத்தமான 'சாஃபி' ஒரு குவியல், கறை பட்ட 'ஃபிஃபி' ஒரு குவியல் என்று குடும்பமே பிரிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனால் அரசின் பஞ்சு வாரியம் தருவது செல்லாக்காசு ஷில்லிங். அந்த நிலத்தில் சோளமோ பீன்ஸோ போட்டால் வீட்டுக்கும் ஆச்சு, சந்தைக்கும் ஆச்சு. அப்படித்தான் விட்டார்கள். 1980களின் பிற்பாதியில் கிழக்கு உகாண்டாவில் டேசோ பக்கம் மாட்டுக் கொள்ளையில் உழவு மாடுகளும் போயின. மாடு இல்லாமல் அங்கே பருத்தி இல்லை. இதற்கும் 1972க்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

கேள்வி: அப்படியானால் அவர்கள் இருந்திருந்தாலும் இதே கதிதானா?

வீழ்ச்சி இருந்திருக்கும், இவ்வளவு ஆழமாக இருந்திருக்காது என்பது என் கருத்து. இதைப் பற்றி இனிமேல் பதில் சொல்லப்போவதில்லை. இன்னும் ஆறு பேர் வரிசையில் இருக்கிறார்கள்.

கேள்வி: பி.டி. (மரபணு மாற்றிய) பருத்தி வந்தால் நிலைமை மாறுமா?

விதை ஆராய்ச்சி என் துறை இல்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: உகாண்டாவில் ஒரு சிறிய எக்ஸ்பெல்லர் போடலாம் என்று யோசனை. 20 டன் மெஷின் போதுமா?

மெஷினைப் பற்றிக் கேட்கிறீர்கள், கொட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. ஜின்னரி முதலாளிகளில் பலர் தாங்களே ஆட்டுகிறார்கள். கொட்டை வெளியே வந்தால்தானே உங்களுக்கு? அறுவடை முடிந்து சில மாதம்தான் வரத்து. மீதி மாதங்களுக்குச் சூரியகாந்தியும் சோயாவும் ஓட்டத் தெரிந்தால் போடுங்கள். 'நாளைக்கு இத்தனை டன்' என்று விற்பவர் சொல்லும் கணக்கில் ஆலை சும்மா கிடக்கும் நாட்கள் வராது.

கேள்வி: கோழிக்குப் போடலாமா என்று...

மேலே பாருங்கள்.

கேள்வி: அங்கே மதுரை மாதிரி பருத்திப்பால் உண்டா?

நான் பார்த்ததில்லை. கேட்டதும் எனக்கே குடிக்கத் தோன்றுகிறது.

கேள்வி: வான்கோழி?

அதுவும் கோழிதான், சார்.

கேள்வி: 4.7 லட்சம் பேல் என்றீர்களே, 170ஆல் பெருக்கினால் 80,000 டன்தான் வருகிறது. உங்கள் கணக்கு தப்பு.

185.