பாட்டியின் அடைமழை

அன்புள்ள அம்மா, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு மேலே நிற்கும் பழைய கிரவீலியா மரத்தை வெட்டப் போகிறார்கள். மர வளையத்திலுள்ள ஒட்சிசன் சமதானிகளை, அதாவது எடை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களை, சோதித்தால் பழைய மழையெல்லாம் தெரியும் என்று படித்தேன். இளவயதில் நாற்பது நாள் விடாமல் பெய்தது என்று பாட்டி சொல்வது கதையா என்று பார்த்துவிடலாமா? துண்டை எங்கே அனுப்புவது?
மாணவன், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

பாட்டியைப் பொய்க்காரியாக்க ஒட்சிசனைத் துணைக்குக் கூப்பிடுகிறாய், நல்ல பேரன். ஆண்டுக்கு ஒரு வளையத்தில் நாற்பது நாளை எண்ண முடியாது. எண்ணியவள் கொழுந்துக்கூடையோடு மலையில் நின்றவள். அதை விடு. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையமே தெளிவாக விழாது; அது வேறு வழக்கு.

'பழைய மழையெல்லாம் தெரியும்' என்றாயே, அதுதான் குத்தியது. மரம் மில்லிமீற்றர் எழுதிவைப்பதில்லை. நீரில் இலேசான ஒட்சிசன் 16தான் ஏறக்குறைய முழுவதும். கனமான 18 ஆயிரத்துக்கு இரண்டு. அடைமழையில் 18 இன்னும் குறையும். வறட்சியில் இலையிலிருந்து இலேசானது முந்தி ஆவியாகிவிட, கனமானது தங்கும். அந்தக் கணக்கு மரத்தின் நார்ப்பொருளான செலுலோசில் படிந்துவிடும். 18 குறைந்தால் ஈரமான ஆண்டு, கூடினால் காய்ந்த ஆண்டு. எவ்வளவு ஈரம் என்பதை மழைமானிப் பதிவோடு ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்ட பிறகே சொல்லலாம். நம் மலையிலோ தென்மேற்குப் பருவத்து நீரும் வடகிழக்கின் நீரும் ஒரே வேரடியில் கலக்கின்றன. பதிவில்லாமல் மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

என் அப்பா கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழைமானிக்குப் போவார். போத்தல் நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். "இரண்டு அங்குலம் முப்பது." நான் இடித்து ஒரு சொட்டு சிந்தினால் முதுகில் விழும். பதிவேடுகள் தொழிற்சாலை மாடியில் அடுக்கடுக்காக இருந்தன. தோட்டங்கள் அரசுடைமையான 1975க்குப் பின் எப்போதோ, மாடியைக் காலி செய்த யாரோ அவற்றைப் பழைய தாளாகப் போட்டுவிட்டார்கள். ஒரு சாயங்காலம் கடைத்தெருவில் வடை வாங்கினேன். சுற்றியிருந்த தாளில், எண்ணெய் ஊறிய பத்திக்குக் கீழே, அப்பாவின் கையெழுத்தில் 'மொத்தம்' என்று அடிக்கோடு. வடையைத் தின்றேனா என்று நினைவில்லை.

அனுப்புவது பிறகு. உன் தோட்ட அலுவலகத்தில் பழைய மழைப் பதிவு இருக்கிறதா என்று கேள். இல்லை என்பார்கள், மறுபடி கேள். மரம் சாய்கிற அன்று அடித்துண்டு ஒன்றைப் பட்டையோடு வாங்கி, வெட்டிய தேதியை ஆணியால் கீறி வை. கடைசி வளையத்தின் ஆண்டு தெரிந்தால்தான் உள்ளே எண்ணிப் போக முடியும். அப்படியே, அந்த மழை எந்தத் துரை காலத்தில் பெய்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்.