அணையில் சேரும் வண்டல் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று மகரந்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் மகரந்தத்தை மட்டும் நம்பினால் சறுக்கும். முதுகலைப் படிப்பின்போது நானே சறுக்கினேன்.

நீலகிரியில் ஓர் ஓடை அணைக்குள் இறங்கும் இடத்தில் வண்டல் எடுத்து வந்திருந்தேன். சுற்றிலும் தேயிலை. அதனால் தேயிலை மகரந்தம் குவிந்து கிடக்கும் என்ற நினைப்பு. இரண்டு நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தும் புல், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), கொஞ்சம் பைன், அவ்வளவுதான். ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "தோட்டத்துல தேயிலைய என்னைக்குப்பா பூக்க விட்டாங்க?"

உண்மைதான். கொழுந்து கிள்ளுவதும் கவாத்து செய்வதுமாக இருந்தால் செடி எங்கே பூக்கும்? பூத்தாலும் அது பூச்சியை நம்பிய பூ; மகரந்தம் அதிகம் சிதறாது. பைன் மகரந்தத்துக்கோ இரண்டு காற்றுப்பைகள் உண்டு, மலை தாண்டியும் பறக்கும். அதாவது வண்டலில் கிடைக்கும் மகரந்தத்தில் ஒரு பங்கு காற்றில் வந்து விழுந்தது. அதற்கும் மண்ணரிப்புக்கும் தொடர்பே இல்லை.

ஆகவே பறக்காதவற்றைத் தேட வேண்டும். சீகை (வாட்டில்) மரத்தின் மகரந்தம் பெரும்பாலும் பதினாறு மணிகள் ஒட்டிய கொத்தாக இருக்கும். கனம், தூரம் போகாது. அது ஓடை வண்டலில் நிறைய இருந்தால் பக்கத்துச் சீகைக் காட்டைச் சந்தேகிக்கலாம்.

இன்னும் நம்பகமான சாட்சி ஃபைட்டோலித். புல், நெல், மூங்கில், வாழை போன்றவை உறிஞ்சும் சிலிக்கா செல்களில் படிந்து கண்ணாடிச் சில்லாகிவிடும். செடி மட்கினாலும் சில்லு மண்ணில் கிடக்கும், மண்ணோடுதான் ஓடும். நெல்லில் விசிறி வடிவம் வரும், வாழையில் நடுவில் குழி விழுந்த எரிமலை மாதிரி ஒன்று, மலைப் புல்வெளிப் புற்கள் பலவற்றில் டம்பெல் வடிவம், மரங்களில் உருண்டை. பிரித்தெடுப்பது எளிது: குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, ஃபைட்டோலித் அதைவிட லேசு. சுமார் 2.3 அடர்த்தியுள்ள திரவத்தில் போட்டால் சில்லு மிதக்கும், மணல் அடியில் போகும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஃபைட்டோலித் மேல்மண்ணில்தான் செறிவாக இருக்கும். வண்டல் ஏராளம், சில்லு மட்டும் சொற்பம் என்றால் வயலின் மேற்பரப்பைவிட ஓடைக்கரையோ சாலைக்கு வெட்டிய சரிவோ சரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கரை இடிந்ததற்கு விவசாயியைத் திட்டுவது நம் ஊரில் சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்கள்தான் தலைவலி. இரண்டும் சில்லு அதிகம் விடாது, பூக்கும்வரை கேரட்டை நிலத்தில் விட்டுவைப்பதும் இல்லை. அங்கே களைகளின் மகரந்தத்தையும் குளோமஸ் என்ற வேர்ப்பூஞ்சையின் வித்துகளையும் பார்க்கலாம். குளோமஸ் மண்ணுக்குள் வாழ்வது. அணைச்சேற்றில் அது கூடினால் மண் கரைந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், எந்த வயல் என்று மட்டும் சொல்லாது.

வண்டல் அடுக்குகளின் காலக்கணக்குக்குக் கற்பூர மரம் உதவும். நீலகிரிக்கு அது வந்ததே 1840களில்தான். அதன் மகரந்தமே இல்லாத அடுக்கு பெரும்பாலும் அதற்கு முந்தையது. அண்மை அடுக்குகளுக்கு சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளைப் பாருங்கள். அணுகுண்டுச் சோதனைகளின் 1963 உச்சம் கலையாத சேற்றில் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரித் தொகுப்பு வேண்டும். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பெரிய மகரந்தத் தொகுப்பு இருக்கிறது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கணபதி தணிகைமணி. 1986-இல் கராச்சி விமானக் கடத்தலில் உயிரிழந்தார். தமிழில் அவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஆற்றுச் சேற்றை அப்புறம் எடுங்கள். முதலில் சோலை, புல்வெளி, தேயிலை, காய்கறி நிலம், ஓடைக்கரை என்று ஒவ்வொன்றிலும் மண் எடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். இரண்டு நிலங்கள் ஒரே மாதிரி வந்தால் வண்டலிலும் அவற்றைப் பிரிக்க முடியாது. எனக்குத் தேயிலையும் காய்கறி நிலமும் அப்படித்தான் வந்தன. கடைசியில் அறிக்கையில் இரண்டையும் சேர்த்து 'சாகுபடி நிலம்' என்றே எழுதினேன்.