சிங்ஸ்டார் வந்தபோது விமர்சகர்கள் அதைப் புகழ்ந்ததும் குறைசொன்னதும் ஏன்?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அது கூட்டமாகச் சேர்ந்து பாடுவதற்கான வீடியோ கேம்.

சோனியின் லண்டன் ஸ்டுடியோ பிளேஸ்டேஷன் 2-க்காக 2004-இல் வெளியிட்ட சிங்ஸ்டாருடன் இரண்டு மைக்குகள் கிடைத்தன. இருவர் போட்டிபோட்டுப் பாடலாம். அசல் பாடகரின் குரலும் வீடியோவும் அப்படியே ஓடும். முந்தைய ஆண்டு வந்த கரோக்கி ரெவல்யூஷன் என்ற இதேபோன்ற பாட்டு விளையாட்டில் வேறொருவர் பாடிய மறுபதிப்புகளே இருந்ததால், இந்த வித்தியாசம் பெரிதாகப் பேசப்பட்டது. கூச்சப்படுபவரையும் பாடவைக்கிறது என்பதே முக்கியமான பாராட்டு. என்னைக் கேட்டால் மிக நியாயமான பாராட்டு.

குறைகள்? தனியாக விளையாடினால் சீக்கிரம் சலிக்கும். வட்டில் 30 பாடல்கள்தான்; அதில் பாதி பிடிக்காவிட்டால் அவ்வளவுதான். மதிப்பெண் முறையையும் கேள்வி கேட்டார்கள். அது சுருதியையும் நேரத்தையும்தான் அளக்கிறது, வார்த்தைகளை அல்ல. வாயை மூடி முனகினாலும் புள்ளி ஏறும். ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் ஏற்கும். இந்தத் தளர்வு எனக்குக் குறையாகப் படவில்லை. ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் ஒரே பாட்டைப் பொதுவாக்கியது அதுதானே!

பாடல் பற்றாக்குறையைப் பின்னர் பிளேஸ்டேஷன் 3-இல் வந்த இணையக் கடை ஓரளவு தீர்த்தது. 2020 ஜனவரி இறுதியில் அதையும் மூடிவிட்டார்கள்.