கூர்ப்பு: திருகோணமலை விலங்கியல் மாணவர்கள் கேட்டவை

"நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிவிட்டது" என்று எழுதினேன். புள்ளி கிடைக்கவில்லை. என்ன பிழை?

"பழகிவிட்டது" என்ற சொல்தான் பிழை. எந்தத் தனி நுளம்பும் தன் ஆயுளுக்குள் அப்படி மாறுவதில்லை. டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி மருந்தைத் தாங்கும் எதிருருவை, அதாவது பரம்பரையலகின் ஒரு வடிவத்தை, காவிய சில நுளம்புகள் தெளிப்புக்கு முன்பே குடித்தொகையில் இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது, மிஞ்சியவை பெருகின. இலங்கையில் 1963இல் 17 மலேரியா நோயாளர்களே பதிவானார்கள். தெளிப்பு நின்றபின் 1967, 68இல் நோய் மீண்டும் பெரிதாகப் பரவியது. திரும்பத் தெளித்த டி.டி.ரி. முன்போலக் கைகொடுக்கவில்லை, 1977இல் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாறினார்கள்.

விடையில் மூன்று விடயம் இருக்க வேண்டும்: குடித்தொகைக்குள் மாறல் (ஒன்றுக்கொன்று வேறுபட்டிருத்தல்), அது பரம்பரையாகக் கடத்தப்படுதல், சந்ததி விடுவதில் வேறுபாடு. பலர் "தப்பிப் பிழைத்தது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தப்பிய நுளம்பு முட்டையிடாமல் செத்தால் கூர்ப்பில் அதற்குக் கணக்கே இல்லை.

500 மீன்களில் கக 210, கச 180, சச 110 (க, ச ஒரே பரம்பரையலகின் இரு எதிருருக்கள்). ஹார்டி–வைன்பேர்க் சமநிலை உண்டா?

இந்தச் சமநிலை என்பது, தேர்வு இல்லாமல் எழுமாற்றாக இனங்கலக்கும் குடித்தொகையில் எதிர்பார்க்கும் விகிதம். முதலில் எதிருருக்களை எண்ணுங்கள். மொத்தம் 1000. க = 420 + 180 = 600, அதாவது மீடிறன் (மொத்தத்தில் அதன் பங்கு) 0.6, ச 0.4. சமநிலை இருந்தால் கக 0.6 × 0.6 = 0.36, 0.36 × 500 = 180; கச 2 × 0.6 × 0.4 = 0.48, 0.48 × 500 = 240; சச 0.4 × 0.4 = 0.16, 0.16 × 500 = 80 வர வேண்டும். கை-வர்க்கம் (ஒவ்வொரு வகுப்பிலும் வித்தியாசத்தின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுவது): 900/180 + 3600/240 + 900/80 = 5 + 15 + 11.25 = 31.25. ஐந்து வீத மட்டத்தில் எல்லைப் பெறுமானம் 3.84. ஆகவே சமநிலை இல்லை.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம் டிகிரி ஒஃப் ஃப்ரீடம், அதாவது எல்லைப் பெறுமானத்தைத் தெரிவு செய்யும் எண். மூன்று வகுப்பு என்பதால் ஒன்றைக் கழித்து 2 என்று போடுகிறார்கள். 0.6ஐ இதே தரவிலிருந்துதான் எடுத்தீர்கள். அதற்கும் ஒன்று கழிய, மிச்சம் 1. எண்ணிக்கைக்குப் பதிலாக வீதத்தைப் போட்டாலும் விடை கெடும்.

அடுத்ததுதான் முக்கியம். இதரநுகம் (இரு வேறு எதிருருக்கள் உள்ள கச) 60 குறைந்திருப்பதைக் கண்டதும் "இயற்கைத் தேர்வு" என்று எழுதிவிடாதீர்கள். மீன்கள் எங்கே பிடிபட்டன என்று கேளுங்கள். உட்துறைமுகத்தில் பிடித்ததையும் நிலாவெளியில் பிடித்ததையும் ஒரே வாளியில் போட்டீர்களா? ஓரிடத்தில் எல்லாம் கக, மற்ற இடத்தில் எல்லாம் சச என்று வைத்துப் பாருங்கள்: கலந்த வாளியில் இரு எதிருருக்களும் நிறைய இருக்கும், கச ஒன்றுகூட இராது. மீடிறன் சற்றே வேறுபட்டாலும் இதே குறைவு சிறிய அளவில் தெரியும். இதுவே வாலுண்ட் விளைவு. நெருங்கிய உறவுகளுக்கிடையே இனங்கலந்தாலும் இதரநுகம் குறையும். அதனால் வாளிக்கு வாளி இடத்தை எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று: கக, கச இரண்டும் தோற்றத்தில் ஒன்றாயிருந்து, ஆட்சியானது, பின்னிடைவானது என்று இரண்டாக மட்டும் எண்ணியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. பின்னிடைவானதன் பங்குக்கு வர்க்கமூலம் எடுக்கும்போதே சமநிலை உண்டென்று வைத்துக்கொண்டாயிற்று.

கோட்டை மான்கள் 50 என்று வைத்தால், எழுமாற்று நகர்வைக் கணிக்க 50ஐயே போடலாமா?

கூடாது. எழுமாற்று நகர்வு என்பது சிறு கூட்டத்தில் எதிருருக்களின் மீடிறன் தற்செயலாக மாறுவது. இனம்பெருக்கும் கலை (ஆண்) 10, பிணை (பெண்) 40 என்று வைப்போம். பயன்படு குடித்தொகை, அதாவது ஆணும் பெண்ணும் சமமாயிருந்து இதே வேகத்தில் நகரும் கூட்டத்தின் அளவு = 4 × 10 × 40 ÷ 50 = 32. ஒவ்வொரு குட்டியும் பாதிப் பரம்பரையலகைத் தகப்பனிடமிருந்தே பெறுவதால், கலைகள் குறைவென்றால் முழுக் கூட்டமும் அந்தக் குறுகிய வாசலால்தான் போக வேண்டும். இதரநுக அளவு தலைமுறைக்கு 1/(2 × 32) = 1/64, ஏறக்குறைய 1.6 வீதம் குறையும். 50 என்று போட்டிருந்தால் 1 வீதம்தான் வந்திருக்கும்.

திமிங்கிலத்தின் இடுப்பெலும்பு பயனற்றதா?

"எச்ச உறுப்பு" என்றால் பழைய தொழிலை இழந்தது என்று பொருள், பயனற்றது என்பதல்ல. அந்தச் சிறு எலும்புகளில் இனப்பெருக்க உறுப்பின் தசைகள் பிணைந்திருக்கின்றன, ஆனால் அவை முள்ளந்தண்டோடு தொடுக்கப்படவில்லை. நம் கடலில் நீலத் திமிங்கிலம் மூழ்கும்போது வாலைப் பாருங்கள்: மேலும் கீழுமாக அடிக்கும். புறாத்தீவுச் சுறாவின் வால் இடமும் வலமுமாக அசையும். நாலு காலில் ஓடிய பாலூட்டியின் முதுகு மேலும் கீழுமாகத்தான் வளைந்தது; கடலுக்குள் திரும்பியபோது அந்த அசைவும் கூடவே போயிற்று.