மஞ்சள் கடவையில் ஆள் நிற்பது தெரிந்தும் சாரதிகள் ஏன் நிறுத்துவதில்லை?

கல்முனையில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மஞ்சள் கடவையில் நின்றீர்கள், பதினேழு வாகனங்கள் நிறுத்தாமல் போனதை எண்ணினீர்கள், இவர்களுக்குச் சட்டம் தெரியாதா இல்லை மனம்தான் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் தெரியும். கடவையில் கால் வைத்தவருக்குத்தான் முதலிடம் என்பது லைசன்ஸ் எடுக்கப் போன எல்லாரும் எழுத்துப் பரீட்சைக்குப் படித்ததுதான். மனமும் இருக்கிறது, ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் இதே ஆட்கள்தான் வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்து தூக்குகிறார்கள். நான் கண்ட காரணம் வேறு. தாங்கள் நிறுத்தாவிட்டால் நீங்கள் நிற்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மாட்டுப்பட்டி ரோட்டைக் கடக்கும்போது பாருங்கள். கொழும்பு பஸ்ஸும் நிற்கும், மண் ஏற்றிய டிப்பரும் நிற்கும், கடைசிக் கன்று தாண்டும்வரை ஒருவரும் ஹோர்ன்கூட அடிக்க மாட்டார்கள். மாடு ஒதுங்காது, மோதினால் தன் வாகனத்துக்குத்தான் சேதம் என்று சாரதிக்குத் தெரியும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிக்கு முன்னால் பீப்பாய்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்திருந்தார்கள், அதற்குள்ளால் எல்லா வாகனமும் ஊர்ந்துதான் போனது, சைக்கிளில் வந்தவர் இறங்கி உருட்டிக்கொண்டு போனார். அந்தக் காலம் எனக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் நிறுத்தத் தெரியாதவர்கள் என்று நம்மூரில் யாருமில்லை, பயம் இருக்கிற இடத்தில் பிரேக்கில் கால் போகிறது, வயதான ஒரு மனிசி கையை நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் போவதில்லை. அதுதான் எனக்கு வேதனை.

நான் மட்டக்களப்பு டவுனுக்குப் பக்கத்தில், ஆரையம்பதியில் இருக்கிறேன். வீடு கடற்கரைப் பக்கம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, சீனி வருத்தம், பிரஷர், மாதம் ஒருமுறை டவுனில் கிளினிக். பஸ் எடுக்க மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக வேண்டும். என் ஸ்கூட்டியில் பின்னால் இருக்க அவவுக்குப் பயம். அன்று காலை கடவையில் நாங்கள் நிற்கும்போது எங்கள் பக்கத்தால் வந்த ஒரு வான் நிறுத்தியது. சாரதி கண்ணாடிக்குள்ளால் கையைக் காட்டினார், வாங்க என்று. அம்மா அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு இறங்கி நடந்தா. நான் ஒரு அடி பின்னால். வானின் மூக்கைத் தாண்டிய உடனே, அதன் வலப்பக்கத்தால் முந்திக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிளின் கைபிடி அம்மாவின் கையிலிருந்த சொப்பிங் பையைக் கொழுவி இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிளினிக் கொப்பி ஒரு பக்கம், மருந்துக் குளிசைகள் ஒரு பக்கம், இன்சுலின் வைத்துக்கொண்டு போகும் சின்னப் போத்தல் உருண்டு வானின் டயருக்குக் கீழே. அரை அடி முன்னால் போயிருந்தால் கொழுவியது பையாக இருந்திருக்காது.

அந்தப் பையன் நிறுத்தினான், அதையும் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்து, "பாத்து வரக்கூடாதா அம்மா?" என்றான். அதற்கு அம்மா நடுங்கிக்கொண்டே, "பிழைதான் மனே, நான் காணல்ல" என்றா. மஞ்சள் கோட்டில், ஒரு வாகனம் நிறுத்திக் கை காட்டிய பிறகு நடந்த மனிசி மன்னிப்புக் கேட்கிறா. இடித்ததைவிட எனக்கு அதுதான் இன்றுவரை பொறுக்க முடியாமல் இருக்கிறது.

உங்கள் பதினேழு பேரைவிட ஆபத்தானவர் இவர்தான், நிறுத்தியவரை முந்துகிறவர். வான் உயரம், பின்னால் வருபவருக்குக் கடவையில் ஆள் இருப்பது தெரியாது, நடப்பவருக்கும் அவர் வருவது தெரியாது. முன்னால் ஒரு வாகனம் காரணமில்லாமல் நிற்காது என்ற யோசனைகூட வருவதில்லை, தடங்கல் என்று நினைத்து வெட்டி எடுக்கிறார்கள்.

அப்புறம் இந்த ரோட்டையும் யோசிக்க வேண்டும். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வந்து மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதி அது. தூரப் பயணம் போகிறவருக்கு அது நெடுஞ்சாலை, எங்களுக்கு அதுதான் கடைத்தெரு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி, மீன் வாங்குகிற இடம். காப்பட் போட்டு வழுவழுப்பாக்கிய பிறகு வேகம் கூடியது, ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். எங்கள் கடவையைத் தாண்ட அம்மாவுக்குப் பத்து வினாடி வேண்டும், நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து வினாடிக்குள் வாகனம் 140 மீற்றர் வந்துவிடும். அதாவது அம்மா கால் வைக்கும்போது கண்ணுக்குத் தூரத்தில் தெரிகிற பஸ், அவ தாண்டி முடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடும். "தூரத்தில வந்த பஸ்தானே புள்ள" என்று அவ சொல்வதில் பிழையில்லை. வேகம் 50இலிருந்து 65 ஆகும்போது, கார் மோதி நடப்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பதினைந்து கிலோமீற்றரைக் கூட்டினால் ஆரையம்பதியிலிருந்து டவுனுக்கு மிஞ்சிப் போனால் இரண்டு நிமிடம் முந்திப் போகலாம்.

லைட் அடிக்கிற பழக்கம் ஒன்று. நம்மூரில் லைட் அடித்தால் "நான் வாறன், நீ நில்" என்று அர்த்தம். லண்டனிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா காத்தான்குடியில் ஒரு வான் லைட் அடித்ததைப் பார்த்து, தன்னைப் போகச் சொல்கிறார்கள் என்று இறங்கிவிட்டார், அங்கே பலர் அப்படித்தான் வழி விடுகிறார்களாம். பக்கத்தில் நின்ற ஒரு வாப்பா சேட்டைப் பிடித்து இழுத்ததால் தப்பினார்.

காலையில் பாடசாலை தொடங்கும் ஏழரைக்கு முன்னால் பொலிஸ்காரர் நிற்கிறார், எல்லாரும் அழகாக நிறுத்துகிறார்கள். எட்டு மணிக்கு அவர் போய்விட்டால் அதே கடவை, அதே சாரதி, நிறுத்துவதில்லை.

நானும் செய்திருக்கிறேன். வேலைக்குப் பிந்திய ஒரு நாள் கல்லடியில் ஒரு பள்ளிப் பிள்ளை கடவையில் கால் எடுத்து வைத்ததைக் கண்டும், அது பின்னால் எடுக்கும் என்று தெரிந்து முறுக்கினேன். அது பின்னால் எடுத்தது. மேலே எழுதிய காரணத்தை நான் அங்கிருந்துதான் கற்றேன்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஸ்கூட்டியில் போகும்போது கடவைக்கு நன்றாக முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, இடது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டிப் பின்னால் வருபவருக்குக் காட்டுகிறேன். கோட்டை ஒட்டி நிறுத்தாமல் ஒரு வாகன நீளம் முன்பே நிறுத்துகிறேன், அப்போது முந்த நினைப்பவருக்கும் நடப்பவர் தெரிவார். நடக்கும்போது, நிறுத்திய வாகனத்தின் மூக்கருகில் ஒரு கணம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பாதியில் கால் வைக்கிறேன். நீங்களும் பிள்ளைக்கு இந்தக் கடைசி ஒன்றையாவது பழக்குங்கள், கை காட்டியவரை நம்பலாம், அவருக்குப் பக்கத்தால் வருகிறவரை நம்ப வேண்டாம். ஆட்டோக்கள் கடவையை ஒட்டி நிறுத்தி வைத்து மறைக்கிற இடமென்றால் அந்தத் தம்பிமாரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எங்கள் சந்தியில் இரண்டு பேர் கேட்டுத் தள்ளி நிறுத்துகிறார்கள்.

அம்மா இப்போது கிளினிக்குக்கு பஸ்ஸில் போவதில்லை. ஒழுங்கை முகப்பில் ஆட்டோ பிடிக்கிறா. "இந்தா தெரியிற பஸ் ஹோல்ட்டுக்குப் போகாம ஏன்கா காசக் கரைக்கிற?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டதற்கு, முழங்கால் நோ என்று சொல்லிவிட்டா.