பொடிக் கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது முப்பத்து நான்கு. பி.காம். படித்திருக்கிறேன். கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். குழந்தைகள் இருவரும் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். சீட்டு எடுத்த பணம் அறுபதாயிரம் கையில் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாக ஏதாவது தொழில் செய்ய வேண்டும் என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வழிகள் தெரிகின்றன. இணையத் தொழில் கற்றுத்தரும் ஒரு பயிற்சி வகுப்பு. கட்டணம் 14,999 ரூபாய், மூன்றே மாதத்தில் மாதம் ஒரு லட்சம் வரும் என்கிறார்கள். அடுத்தது, முதல் போடாமல் வாட்ஸ்அப்பில் சேலை விற்பது. மூன்றாவது, பொடி வகைகளும் ஊறுகாயும். கைப்பக்குவம் என் மாமியாருடையது. எங்கள் தெருவில் அவருடைய இட்லிப் பொடிக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அவரே, "அடுப்படியில் உட்கார்ந்து செய்வதெல்லாம் ஒரு வியாபாரமா?" என்கிறார்.

ஒரு கட்டுரையில், நாத்தனாருடன் சேர்ந்து பொடி விற்றதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தீர்கள். அந்த அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் இணையதளம் வேண்டுமா?

க., ராஜபாளையம்

அன்புள்ள க.,

அதை ஒரு வரியோடு நிறுத்தியது வேண்டுமென்றேதான். நஷ்டக் கணக்கை யார் விரித்து எழுதுவார்கள்? கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

முதலில் பயிற்சி வகுப்பை ஓரங்கட்டிவிடலாம். மாதம் ஒரு லட்சம் வரும் வழி தெரிந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நமக்குப் பாடம் எடுக்க நேரம் எங்கே இருக்கப்போகிறது? அவருடைய தொழிலே அந்த வகுப்புதான். முன்பணம் கட்டினால் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை தருகிறோம் என்று வரும் செய்திகளும் இந்த இனத்தில் சேர்ந்தவைதான். வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பான். நம்மிடம் காசு கேட்க மாட்டான். அந்தப் பதினைந்தாயிரத்தைத் தொடாதீர்கள்.

சேலை விற்பதை அப்படி ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். அதில் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் கைப்பேசியைப் பாருங்கள்: இளம்பிள்ளைச் சேலை ஒன்றின் அதே படம், அதே மாதிரிப் பெண், அதே திரைச்சீலை, நான்கு பேருடைய ஸ்டேட்டஸில் நான்கு விலையில் இருக்கிறது. மற்ற மூவரைவிட ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்வதைத் தவிர நான்காமவருக்கு வேறு வழியில்லை. சேலை அவர் கையால் தொட்டதில்லை. சாயம் போனால் மட்டும் வாங்கியவர் அவரைத்தான் கேட்பார். முதல் போடாத வியாபாரத்தில் முதலாகப் போவது அக்கம்பக்கத்தில் நமக்கிருக்கும் நல்ல பெயர்.

இனி பொடிக்கு வருகிறேன்.

2019இல் மதுரையில் நானும் நாத்தனாரும் பருப்புப் பொடியில் தொடங்கினோம். 250 கிராம் பாக்கெட் 85 ரூபாய். அந்த விலையை எப்படி வைத்தோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கடையில் ஒரு கம்பெனிப் பொடி 90 ரூபாய்க்கு இருந்தது, நாங்கள் ஐந்து ரூபாய் குறைத்தோம். அவ்வளவுதான் எங்கள் வியாபார மூளை. மூன்று மாதம் ஆர்டர் நன்றாகவே வந்தது. கையில் மட்டும் காசு நிற்கவில்லை. ஒருநாள் நாத்தனார் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார்.

துவரம்பருப்பு ஒரு கிலோ 95 ரூபாய். பொட்டுக்கடலை அரைக் கிலோ 45. மிளகாய் வற்றல் நூறு கிராம் 18. மிளகு ஐம்பது கிராம் 30. பூண்டு, பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 32. ஆக 220. மில் கூலி 25, எரிவாயு 20, ஆறு பாக்கெட்டுக்கு உறையும் லேபிளும் 42. மொத்தம் 307. போட்ட பொருள் ஏறத்தாழ 1,700 கிராம். வறுத்ததில் ஈரம் போய், மில்லில் ஒட்டியது போய், 1,600 கிராம் வந்தது. ஆறு பாக்கெட் போக மீதி நூறு கிராம் வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஆறு பாக்கெட் விற்றால் 510. லாபம் 203.

நாத்தனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் ஏன் காசு நிற்கவில்லை?" என்று கேட்டுவிட்டு அடுத்த வரியையும் அவரே எழுதினார்: நேரம். பருப்பைப் புடைத்து, காயவைத்து, வறுத்து, ஆறவைத்து, மில்லுக்குப் போய்க் காத்திருந்து, சலித்து, எடை போட்டு, ஒட்டி முடிக்க ஏழு மணி நேரம். இரண்டு பேர். அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்டிருந்த நாள் கூலி 229 ரூபாய். நாங்கள் இருவரும் சேர்ந்து சம்பாதித்தது ஒருவருடைய கூலிக்குக்கூட வரவில்லை.

அதுவும் கூரியருக்கு முந்தைய கணக்கு. 'டெலிவரி இலவசம்' என்று பெருமையாகப் போட்டிருந்தோம். ஒற்றைப் பாக்கெட் கேட்பவருக்கு அட்டைப்பெட்டியும் டேப்பும் 15, கூரியர் 50. முப்பத்து நான்கு ரூபாய் லாபத்துக்காக அறுபத்தைந்து ரூபாய் செலவு. ஆர்டர் வந்த ஒவ்வொரு முறையும் கைப்பேசி ஒலித்ததும் குதித்தோம். ஒவ்வொரு குதிப்புக்கும் 31 ரூபாய் நஷ்டம்.

பாக்கெட்டை 120 ஆக்கினோம், கூரியர் தனி என்றோம். இரண்டு கிலோ அரைப்பதை எட்டுக் கிலோவாக்கினோம். சரக்கு நான்கு மடங்கானால் நேரம் நான்கு மடங்காவதில்லை, மில்லில் காத்திருப்பது எப்படியும் ஒரே காத்திருப்புதான். விலை ஏற்றியதும் பலர் போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் எங்கள் உறவினர்கள் என்பதை இப்போது சொல்லலாம். முதல் ஆர்டரை உறவுக்காகப் போடுவார்கள். இரண்டாவது ஆர்டர் யாரிடமிருந்து வருகிறது என்று மட்டும் தனியாக எழுதி வையுங்கள்.

மில்லைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு முன்னால் யாராவது மஞ்சள் அரைத்திருந்தால் நம் பருப்புப் பொடி மஞ்சள் குளித்து வரும். மல்லி அரைத்திருந்தால் மல்லி வாசம். மில் திறந்ததும் முதல் ஆளாகப் போய், நம் பருப்பிலேயே ஒரு கைப்பிடியைப் போட்டு ஓட்டி, அதைத் தனியாக வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் சரக்கைக் கொட்ட வேண்டும். ஐப்பசி மழையில் மிளகாய் வற்றலைக் காயவைக்க முடியாது. அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே காயவைத்துக் காற்றுப் புகாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு ருசியாக இருந்த பொடி பத்தாம் நாள் கட்டியாகிக் கோயம்புத்தூரில் ஒருவர் அதைப் படமெடுத்து அனுப்பியபோதுதான் எங்களுக்கு இது உறைத்தது.

ஊறுகாயை இப்போதைக்குத் தொடாதீர்கள். எங்கள் எலுமிச்சை ஊறுகாய்ப் பார்சல் ஒன்று ஏதோ ஒரு கூரியர் கிடங்கில் உடைந்து, கூட வந்த யாருடைய பட்டுப் புடவைப் பெட்டியையோ எண்ணெய்க் குளியல் போடவைத்து, எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. மூடிக்கு அடியில் அலுமினியத் தாளைச் சூட்டில் ஒட்டும் சிறிய கருவி இருக்கிறது. அதை வாங்கிய பிறகும் நாத்தனார் ஒவ்வொரு பாட்டிலையும் பழைய செய்தித்தாளின் மேல் ஓர் இரவு முழுக்கக் கவிழ்த்துவைப்பார். காலையில் தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் அந்தப் பாட்டில் எங்கள் வீட்டுத் தயிர்சாதத்துக்கு.

காகித வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. உணவுப் பொருளை விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். வீட்டில் செய்கிறோம் என்பதற்காக விலக்கு கிடையாது. சிறு தயாரிப்பாளருக்கான பதிவை நாங்கள் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். விண்ணப்பம் இணையத்திலேயே. அந்தப் பதினான்கு இலக்க எண், சேர்மானங்கள், எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது, சைவத்துக்கான பச்சைப் பொட்டு எல்லாம் லேபிளில் வர வேண்டும். தயாரிப்பவரின் முகவரியும் வர வேண்டும், அதாவது உங்கள் வீட்டு முகவரி. முன்பின் தெரியாதவர்கள் கைக்கு அது போகும் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் பேசவில்லை. ஒரு ஞாயிறு மதியம் லேபிளைப் பார்த்து ஒருவர் நேரில் வந்து மணியடித்த பிறகு பேசினோம்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். இதற்குக் கட்டணம் கேட்கும் எந்த இணையதளமும் அரசுடையது அல்ல. ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. ஆனால் இணையத்தில் விற்கும்போது முதல் வாரத்திலேயே பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்பார். வரிக்குட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு அந்த 40 லட்ச வரம்பு பொருந்தாது, பதிவு வேண்டும். பி.காம். படித்தவர், இதை என்னைவிட நன்றாகப் படித்துப் புரிந்துகொள்வீர்கள்.

இணையதளம் இப்போது வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலும் விலையும் போட்டுவைக்க ஒரு காசும் ஆகாது. விலையைப் போட்டுவிடுங்கள். 'விலைக்குத் தனியாகச் செய்தி அனுப்பவும்' என்று எழுதுகிறவர்களிடம் நான் எதையும் வாங்குவதில்லை. பணம் வந்த பிறகுதான் பார்சல். வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள், அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் அல்ல. ராணுவத்தில் இருக்கிறேன், முகாமுக்கு ஐம்பது பாக்கெட் வேண்டும், முன்பணம் அனுப்ப இந்தக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவர் கட்டாயம் அழைப்பார். பணம் பெற யாரும் பின் எண்ணை அழுத்த வேண்டியதில்லை. அப்படியும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள்.

அறுபதாயிரத்தில் எட்டாயிரத்துக்கு மேல் இப்போது எடுக்காதீர்கள். ஒரே ஒரு பொடி. உங்களைத் தெரியாத பத்துப் பேருக்கு, முழு விலைக்கு. நண்பரின் நண்பர், அவருடைய அலுவலகத்தில் இருப்பவர் என்று தேடினால் பத்துப் பேர் கிடைப்பார்கள். அவர்களில் நான்கு பேர் கேட்காமலேயே திரும்ப வாங்கினால் அடுத்த எட்டாயிரம்.

மாமியார் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. அடுப்படியில் செய்வது வியாபாரமா? 1959இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். பின்னால் அது பல்லாயிரம் பெண்களின் நிறுவனமானது. இதை எல்லோரும் ஊக்கம் கொடுக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் பிடித்தது வேறு. அங்கே மாவைக் கிளையில் பிசைந்து கொடுப்பார்கள், பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டு, மறுநாள் அப்பளமாகக் கொண்டுவருவார்கள். இட்ட அப்பளத்துக்கு எடை போட்டுக் கூலி. லாபத்தில் பங்கு என்பது அதற்கப்புறம். வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் கைக்குக் கூலி உண்டு என்பதை அவர்கள் கணக்கில் எழுதினார்கள். நானும் நாத்தனாரும் எழுதவில்லை. 2022இல் நான் விலகியதற்குக் காரணம் எழுத்து வேலை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில், வறுப்பது பெரும்பாலும் அவர், பதில் செய்தி அனுப்புவது நான், பணம் சரிபாதி. அவர் அதைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. அவர் இப்போது தனியாக மூன்று பொடி மட்டும் செய்கிறார். வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறார், சம்பளத்துக்கு. நான் முழு விலை கொடுத்து வாங்குகிறேன்.

கைப்பக்குவம் மாமியாருடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபதாயிரம் உங்களுடையது, கைப்பேசி உங்களுடையது, லேபிளில் வரப்போகும் பெயரும் உங்களுடையதாகத்தான் இருக்கும். நோட்டில் அவருக்கு எந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறீர்கள்?